ஒன்றை அளந்தால் போதுமா?

கேள்வி: வீட்டருகே உயரழுத்த மின்கம்பி செல்கிறது. மின்புலத்தை மட்டும் அளந்து காந்தப்புலத்தைக் கணக்கிட்டுக்கொள்ள முடியாதா?

பதில்: முடியாது. வானொலிக் கோபுரத்திலிருந்து பல அலைநீளம் தள்ளி நின்றால் இரண்டுக்கும் 377 ஓம் என்ற நிலையான விகிதம் உண்டு. அங்கே ஒன்றை அளந்தால் போதும். ஆனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அலைநீளம் 6,000 கிலோமீட்டர். கம்பிக்கு அடியில் நிற்பவருக்கு அந்த விகிதம் பொருந்தவே பொருந்தாது. மின்புலம் கம்பியின் மின்னழுத்தத்தைச் சார்ந்தது. நாள் முழுதும் பெரிதாக மாறாது. காந்தப்புலமோ ஓடும் மின்னோட்டத்தைச் சார்ந்தது. ஊரே ஏசி போடும் நேரத்தில் கூடிவிடும். ஆகவே ஒரே ஒரு முறை அளந்துவிட்டு நிம்மதி அடைவதும் தவறு, அஞ்சுவதும் தவறு.

'கடையில் விற்கும் மீட்டர் இரண்டையும் காட்டுகிறதே' என்று கேட்கலாம். காந்தப்புலத்துக்கு அது ஏற்கத்தக்கதே. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று சுருள்கள் உள்ளே இருந்தால் எப்படித் திருப்பிப் பிடித்தாலும் சரியான அளவு வரும். மின்புலத்தில் அப்படியில்லை. அளப்பவரின் உடலே புலத்தைத் திரித்துவிடுவதால், கையில் பிடித்தபடி எடுத்த எண்ணை நம்ப வேண்டாம். மின்கடத்தாக் கோலின் முனையில் உணரியைப் பொருத்தி, சில மீட்டர் விலகி நின்றுதான் படிக்க வேண்டும். வீட்டுக்குள் அக்கறை காட்ட வேண்டியது காந்தப்புலத்தில். சுவர் மின்புலத்தைப் பெருமளவு தடுக்கும், காந்தப்புலத்தைத் தடுக்காது. 2010இன் சர்வதேசப் பரிந்துரை பொதுமக்களுக்கான காந்தப்புல வரம்பு 200 மைக்ரோடெஸ்லா என்கிறது. மாலை உச்ச நேரத்தில் அளந்து அதனுடன் ஒப்பிடுங்கள்.