சேலநாட்டு இல்லங்களில் மின்சிக்கனம்

மேட்டூரிற் காவிரியைத் தடுத்த அணை 1934-ஆம் ஆண்டிற் கட்டி முடிந்தது. மூன்றாண்டு கழித்து, 1937-இல், அவ்வணையின் அடியிலிருந்து மின்சாரம் பிறக்கலாயிற்று. இன்று சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மின்விசிறி சுழலாத வீட்டைக் காண்டல் அரிது. கோடைக்கால மின்கட்டணத்தைக் கண்டு மனங்கலங்காத குடும்பத் தலைவரைக் காண்டலும் அரிதே. இக்கட்டணத்தைக் குறைக்க வீட்டில் எதனை முதலிற் சீர்செய்தல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஏற்காட்டிற் போர்வை தேடும் அதே இரவில், மலையடிவாரத்துச் சேலத்தில் விசிறியின் கீழும் துயில் வருவதில்லை. இதற்கு நிலத்தின் தாழ்வு மட்டுமன்று, நம் வீட்டுத் தளமும் காரணமாம். நாட்டோடு வேய்ந்த பழைய வீடுகளில் ஓட்டின் இடுக்குகளால் வெப்பக்காற்று மேலேறிப் போயிற்று. பொழுது சாய்ந்ததும் ஓடு விரைவில் ஆறிற்று. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கனக்க இட்ட மெத்தை வீடுகளில் வெயில் உள்ளிறங்கவே நெடுநேரமாயிற்று. இக்காலத்துக் கான்கிரீட்டுத் தளமோ நான்கைந்து அங்குலக் கனமே உடையது. மேலே தட்டோடும் பதியாது வெறுமையாய் விடப்பட்ட தளம் பகலெல்லாம் வெயிலை உண்டு, மாலை முதல் நள்ளிரவு கடந்தும் அதனை அறைக்குள்ளே உமிழ்கின்றது. விசிறி அவ்வெங்காற்றையே சுழற்றுகின்றது. நாமோ விசிறியைக் குறைகூறுகின்றோம்!

யாம் ஒரு பங்குனியில் எம் வீட்டுத் தளத்தின் ஒரு பாதிக்கு மட்டும் வெண்சுண்ணாம்பு அடித்துப் பார்த்தோம். நண்பகலில் வெறுங்காலுடன் ஏறியபோது வெளுக்காத பாதியில் ஐந்தடி நடத்தல் இயலவில்லை. வெளுத்த பாதியில் நின்று பேச முடிந்தது. வெண்ணிறம் கதிரொளியிற் பெரும்பகுதியைத் திருப்பி விடுதலே இதன் காரணம். ஆனால் முதல் முறை சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து, பசையேதும் சேர்க்காமல் அடித்தமையால் ஒரு கோடைமழையிலேயே பாதி கரைந்து போயிற்று. மறு ஆண்டு தளத்தை நன்கு கழுவி, நீற்றுச் சுண்ணாம்பை வடிகட்டி, வச்சிரம் சேர்த்து இருமுறை பூசியபின்னரே நிலைத்தது. தூசியும் பாசியும் படியப்படிய வெண்மையின் பயன் குறையுமாதலின், ஆண்டுதோறும் மாசியிற் பூசுதல் நன்று. மழைநீரைத் தொட்டியிற் சேர்ப்போர் முதன்மழையை வெளியே விட்டுவிடுக.

நிற்க. விசிறிக் கணக்கிற்கு வருவோம். பழைய கூரை விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என வழங்கும் புதுவகை 30 வாட்டளவில் அதே காற்றைத் தரும். நாளொன்றுக்கு 15 மணி நேரம் சுழன்றால், 60 நாளிற் பழையது 67½ யூனிட்டும் புதியது 27 யூனிட்டும் கொள்ளும். மிச்சம் 40 யூனிட். இது சிறிதெனத் தோன்றலாம். கட்டணத்தின் படிகளை அறிந்தார்க்கு அவ்வாறு தோன்றாது.

2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீதத்தையே எடுத்துக்கொள்வோம். இரு திங்களில் முதல் 100 யூனிட் இலவசம். 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6. மொத்தம் 500-ஐக் கடந்துவிட்டாலோ, கடந்த யூனிட்டுகளுக்கு ரூ.8 என்பதோடு நில்லாது, 101 முதல் 200 வரையுள்ளவற்றிற்கும் ரூ.4.50 ஆகிவிடும். ஆகவே 500 யூனிட்டுக்கு ரூ.1,725 செலுத்தும் வீடு, 540 யூனிட்டுக்கு ரூ.2,270 செலுத்த நேரும். ஒரே ஒரு விசிறியை மாற்றி அந்த 40 யூனிட்டைக் குறைத்த குடும்பத்திற்கு ரூ.545 மிச்சம். இரண்டாவது விசிறியை மாற்றிப் பின்னும் 40 யூனிட் குறைத்தால் ரூ.240 தான் மிச்சம். பின் ஆண்டுகளில் வீதம் ஏறியதுண்டு. கணக்கிடும் முறையை அறிதற்கு இவ்வெடுத்துக்காட்டுப் போதும். எனவே, தன் வீடு எப்படியில் நிற்கின்றது என்பதைப் பழைய அட்டையிற் பார்த்தறிந்த பின்னரே பொருள் வாங்கச் செல்லுதல் வேண்டும். எல்லா விசிறிகளையும் ஒருசேர மாற்றக் கையிற் பணமில்லாதார், இரவெல்லாம் சுழலும் படுக்கையறை விசிறியை முதலில் மாற்றுக. விருந்தினர் அறையிற் சும்மா தொங்குவது எவ்வகையாயினும் கேடில்லை.

விசிறியை மெதுவாய்ச் சுழலவிட்டு மிச்சம் பிடிப்பதாய் எண்ணுவோரும் உளர். சுவரிற் பெரிய பெட்டிபோன்ற பழைய வேகமாற்றி இருக்குமாயின் அதன்மேற் கைவைத்துப் பார்க்க, சுடும். விசிறி கொள்ளாத மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கே வெப்பமாய் வீணாகின்றது. மின்னணு வேகமாற்றியில் இக்குறை மிகக் குறைவு, விலையும் சிறிதே.

குண்டு விளக்கைப் பற்றி இன்று மிகுதியாய்ச் சொல்ல வேண்டுவதில்லை. 60 வாட்டின் ஒளியை 9 வாட் எல்.இ.டி. தருவதை யாவரும் அறிவர்.

குளிரூட்டும் இயந்திரமோ இயங்குங்கால் 1000 வாட்டும் அதற்கு மேலும் இழுக்கவல்லது. சுடுகின்ற தளத்தின் கீழ் அதனைப் பொருத்துதல், ஓட்டைக் குடத்தில் நீர் இறைத்தலை ஒக்கும். ஒன்று வாங்கக் கருதும் அன்பர்கள், தளத்தை வெளுத்து, மேற்குச் சன்னலுக்கு வெளியே தட்டி கட்டி, ஒரு சித்திரையைக் கழித்துப் பார்த்தபின் வாங்குக. அப்பொழுதும் வேண்டுமாயின், சிறிய இயந்திரமே போதும் என்பது தெரியவரும்.