கட்டி என்றவுடன் கலங்க வேண்டாம்



நெற்றியிலோ தலையிலோ கல்போல ஒரு கட்டி தட்டுப்பட்டால், புற்றுநோயாக இருக்குமோ என்று நம் திருக்கழுக்குன்றம் வட்டாரத்துக் குடும்பங்கள் கலங்கிப்போகின்றன. அந்தப் பயத்தினாலேயே சிலர் ஆஸ்பத்திரிக்கு வராமல், பற்றுப் போட்டுக் காலம் கடத்துகிறார்கள். ஆகவே இம்முறை இதைப்பற்றிச் சற்று அறிந்துகொள்வோம்.

மண்டையோட்டு எலும்பு, வெளித்தகடு, உள்தகடு, நடுவில் பஞ்சு போன்ற அடுக்கு எனச் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறது. இதில் உண்டாகும் எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. 'ஆஸ்டியோமா' என்பது எலும்பே மிகுதியாய் வளர்வது. இது மெதுவாக வளரும்; பெரும்பாலும் வலி இராது. 'ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா' என்பதில் எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் நார்த்திசு வளரும். இளவயதில் தோன்றி, வளரும் பருவம் கடந்தபின் பெரும்பாலும் வேகம் குறையும்.

சி.டி. ஸ்கேன் பார்த்தபின், தொல்லை தராத கட்டியை மருத்துவர் அறுப்பதில்லை. அவ்வப்போது கவனித்து வருவார். ஆனால் புற்றுநோய் அல்ல என்பதால் தீங்கே இல்லை என்று எண்ணிவிடலாகாது. கட்டி நெற்றி எலும்பின் காற்றறையை அடைத்தாலோ, கண்ணை முன்னே தள்ளினாலோ, பார்வை நரம்பை நெருக்கிப் பார்வையைக் குறைத்தாலோ அறுவைச் சிகிச்சை தேவைப்படும். வெளித்தகட்டில் மட்டும் இருந்தால் உளியாலோ டிரில்லாலோ செதுக்கி எடுப்பார்கள். முழு ஆழமும் பரவியிருந்தால் அந்த எலும்புப் பகுதியையே நீக்கி, டைட்டானியம் வலையோ எலும்பு சிமெண்டோ வைத்து மூடுவார்கள். ஒருவருக்குப் பல ஆஸ்டியோமாக்கள் இருந்தால் குடலையும் பரிசோதிக்க வேண்டும். குடும்பவழி நோய் ஒன்றில் இவை குடல் கட்டிகளோடு சேர்ந்து வரும், அந்தக் குடல் கட்டிகள் புற்றாக மாறக்கூடும்.

இச்சிகிச்சை நம் தேசத்தில் வேரூன்றியதில் மிஷன் ஊழியத்திற்குப் பெரும் பங்குண்டு. கோட்டயத்தில் பிறந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி, கனடாவின் மான்ட்ரியலில் டாக்டர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று, 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1950-ல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அப்பணியை ஆரம்பித்தார்.

பர்திமேயுவின் தேவை ஆண்டவருக்குத் தெரியாததல்ல. ஆயினும் அவன் வாயாலேயே அதைச் சொல்லும்படி கேட்டார். நோயாளியின் பயத்தையும் நாம் அப்படியே முதலில் கேட்கவேண்டும். கட்டியினால் முகம் மாறி, நாலுபேர் முன் வரக் கூசும் ஒரு பெண்பிள்ளைக்கு இந்த ஆபரேஷன் ஆடம்பரம் அல்ல. அவள் தலைநிமிர்ந்து நடக்க வழி.

பிரியமானவர்களே, பலரைத் தடுப்பது பயம் மட்டுமல்ல, ஸ்கேன் செலவும் பெரிய மருத்துவமனைக்குச் செல்லும் பஸ் கட்டணமும்கூட. உங்கள் காணிக்கை அந்தத் தடையை நீக்கட்டும். உங்கள் வீட்டாருக்கோ அயலகத்தாருக்கோ இப்படி ஒரு கட்டி இருந்தால், தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அவர்களுக்காக ஜெபியுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்