சட்டமிட்ட அறிக்கை

1949ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில், உயிரியலில் 250 மாணவருள் ஜான் கர்டன் கடைசியாக நின்றார். இவன் அறிவியலாளனாக விரும்புவது நகைப்பிற்குரியது என ஆசிரியர் அறிக்கையில் எழுதினார். தம் கற்பித்தலைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை! அறிவியல் வகுப்பு நின்றது. இலத்தீனும் கிரேக்கமும் படிக்க நேர்ந்தது. ஆயினும், கம்பளிப்புழுக்களை வளர்த்து, அவை அந்துப்பூச்சிகளாவதைக் கண்டு மகிழ்ந்தவர் அல்லவா அவர்? பள்ளிக்குப்பின் ஓராண்டு தனியே உயிரியல் பயின்று, ஆக்ஸ்ஃபோர்டில் விலங்கியல் கற்றார். தலைப்பிரட்டையின் குடல் உயிரணுவிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு அழிக்கப்பட்ட தவளை முட்டையுள் செலுத்தினார். புதிய தலைப்பிரட்டை உருவாயிற்று. இவ்வாய்வை 1962இல் வெளியிட்டார். 2012இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். அந்தப் பழைய அறிக்கை சட்டமிடப்பட்டு அவருடைய மேசைக்கு மேல் தொங்கியது.

வினா: அவ்வறிக்கையைக் கர்டன் ஏன் கிழித்தெறியவில்லை?