நிக்கான் லென்ஸ்: பழையதை வாங்கலாமா?

டிஜிட்டல் கேமரா வாங்கி, எடுத்த படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, இன்னொரு லென்ஸ். புதிய லென்ஸின் விலையைக் கேட்டதும் பலரின் பார்வை செகண்ட் ஹேண்ட் பக்கம் திரும்பும். நிக்கான் கேமரா வைத்திருப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேமராவில் மாட்ட முடிகிற லென்ஸ் எல்லாம் முழுமையாக இயங்கிவிடாது.

பிரிண்டர் கேபிள் போர்ட்டில் சரியாகப் பொருந்தினாலும், டிரைவர் இல்லையென்றால் அச்சாகாது அல்லவா? இங்கும் அதே கதைதான்.

இரண்டு மவுண்ட்கள்

லென்ஸும் கேமராவும் இணையும் வளையத்தை மவுண்ட் என்கிறோம். நிக்கான் 1959-ல் எஃப் மவுண்டை அறிமுகப்படுத்தியது. டி40, டி90, டி3500 போன்ற டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்களில் இருப்பதும் இதுதான். 2018-ல் மிரர்லெஸ் கேமராக்களுக்காக இசட் மவுண்ட் வந்தது.

மவுண்டிலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ.; இசட் மவுண்டில் 16 மி.மீ. மட்டுமே. மீதமுள்ள 30.5 மி.மீ. இடைவெளியை எஃப்.டி.இசட். என்ற அடாப்டர் நிரப்புகிறது. எனவே பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்டலாம். புதிய இசட் லென்ஸை எஸ்.எல்.ஆர். கேமராவில் மாட்ட முடியாது.

மோட்டார் எங்கே இருக்கிறது?

ஆட்டோஃபோகஸ் செய்ய மோட்டார் தேவை. அது லென்ஸில் இருக்கிறதா, கேமராவில் இருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் மூன்று தலைமுறைகளைப் பார்ப்போம்.

1. ஏ.எஃப். 50 மி.மீ. 1.8டி: லென்ஸில் மோட்டார் இல்லை. கேமராவில் உள்ள மோட்டார்தான் இதைத் திருப்பும். டி90, டி7500, டி750 ஆகியவற்றில் ஆட்டோஃபோகஸ் கிடைக்கும். டி40, டி3500, டி5600 ஆகியவற்றில் கிடைக்காது. கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். எஃப்.டி.இசட். அடாப்டரிலும் மோட்டார் இல்லாததால் இசட் கேமராவிலும் இதே நிலைதான்.

2. ஏ.எஃப்.-எஸ் 50 மி.மீ. 1.8ஜி (2011): மோட்டார் லென்ஸுக்குள்ளேயே உள்ளது. மேலே சொன்ன எல்லா எஸ்.எல்.ஆர். கேமராக்களிலும், அடாப்டர் மூலம் இசட் கேமராக்களிலும் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும்.

3. நிக்கார் இசட் 50 மி.மீ. 1.8 எஸ் (2018): இசட் கேமராக்களுக்கு மட்டும்.

படத்தின் தரம்

டி லென்ஸில் 6 கண்ணாடிகள், ஜி லென்ஸில் 7, இசட் லென்ஸில் 12. ஜி லென்ஸின் எடை 185 கிராம், இசட் லென்ஸ் 415 கிராம். எஃப் 1.8-லேயே படத்தின் ஓரம் வரை தெளிவு வேண்டுமானால் இசட் லென்ஸ்தான் சிறந்தது. டி லென்ஸிலும் அபெர்ச்சரை எஃப் 4 அளவுக்குக் குறைத்தால் தெளிவு நன்றாகக் கூடும். எனவே பழையது என்பதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை.

எதை வாங்கலாம்?

• டி3500, டி5600 வகை கேமரா என்றால் ஏ.எஃப்.-எஸ் லென்ஸை வாங்குங்கள்.
• டி90, டி7500 வகை என்றால் டி லென்ஸே போதும். பணம் மிச்சமாகும்.
• பின்னாளில் இசட் கேமராவுக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஏ.எஃப்.-எஸ் லென்ஸே பாதுகாப்பானது.
• 1977-க்கு முந்தைய, மாற்றம் செய்யப்படாத லென்ஸ்களைக் கேட்டறியாமல் மாட்டாதீர்கள். சில கேமராக்களின் மவுண்ட் பாகங்கள் சேதமாகலாம்.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். லென்ஸை மாட்டி, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்திப் பாருங்கள். லென்ஸ் தானாக ஃபோகஸ் செய்தால் மட்டும் விலை பேசுங்கள்.