கையடக்க விளையாட்டுக் கணினி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

துவரம் பருப்பு வாங்க வருகிறவர் மூட்டையின் மேல் அச்சடித்த பெயரைப் பார்ப்பார். கொள்முதல் செய்யும் நாமோ ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்போம். சொத்தை எவ்வளவு, தூசு எவ்வளவு என்று தெரிந்த பிறகே விலை பேசுவோம். இந்தப் பழக்கம் கடைச் சரக்குக்கு மட்டும் உரியதன்று. வீட்டுக்கு வாங்கும் பொருளுக்கும் வேண்டும். நம் பிள்ளைகள் கேட்கத் தொடங்கியிருக்கும் கையடக்க விளையாட்டுக் கணினியை அதற்குப் பாடமாக எடுத்துக்கொள்வோம். ஆசஸ் நிறுவனம் தன் 'ரோக் ஆலய்' கருவியை 2023 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது விலை ரூ.69,990. ஒரு சிறிய மளிகைக் கடையின் பல நாள் கொள்முதல் பணம் இது. கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக் கூடிய தொகையன்று.

கருவி எது?

இது செல்போன் அன்று. மேசைக் கணினியில் ஆடும் விளையாட்டுகளையே கையில் வைத்து ஆடுவதற்காகத் திரையும் பொத்தான்களும் ஒன்றாகச் சேர்த்துச் செய்த முழுக் கணினி. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் 'ஸ்டீம் டெக்' கருவியை வாங்குவோருக்கு அனுப்பத் தொடங்கியது. அதன்பின் தைவானின் ஆசஸ் 2023 ஜூனிலும், சீனாவின் லெனோவா அதே ஆண்டின் இறுதியில் 'லீஜியன் கோ' என்ற பெயரிலும் தத்தம் கருவிகளைக் கொண்டுவந்தன.

அளவை ஒன்றாக்கி விலையைப் பாருங்கள்

2023 ஜூனில் அமெரிக்கச் சந்தையில் ஸ்டீம் டெக் 399 டாலரிலிருந்து கிடைத்தது. ரோக் ஆலய் 699 டாலர். பார்த்தவுடன் 300 டாலர் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் 399 டாலர் கருவியில் விளையாட்டுகளைச் சேமிக்கும் இடம் 64 ஜி.பி. மட்டுமே. இன்று ஒரு பெரிய விளையாட்டே 100 ஜி.பி.யைத் தாண்டுவதுண்டு. ரோக் ஆலய் கருவியிலோ 512 ஜி.பி. இருந்தது. அதே 512 ஜி.பி. உள்ள ஸ்டீம் டெக்கின் விலை அப்போது 649 டாலர். ஆகவே அளவைச் சமமாக்கிப் பார்த்தால் வித்தியாசம் 50 டாலர்தான். அரைக் கிலோ பொட்டலத்தின் விலையை ஒரு கிலோ பொட்டலத்தின் விலையோடு ஒப்பிட்டால் நாம் சிரிப்போம் அல்லவா? இங்கும் அதே கணக்குத்தான்.

பெரிய எண்ணுக்குச் செலவும் பெரிது

விளம்பரத்தில் முதலில் வருவது திரையின் புள்ளிக் கணக்கு. முதலில் வந்த ஸ்டீம் டெக் 1280க்கு 800. அதாவது சுமார் 10 இலட்சம் புள்ளிகள். ரோக் ஆலய் 1920க்கு 1080. சுமார் 20 இலட்சம். லீஜியன் கோ 2560க்கு 1600; சுமார் 41 இலட்சம். புள்ளி கூடக் கூடப் படம் கூர்மையாகும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு புள்ளியையும் கணினி நொடிக்குப் பலமுறை வரைந்தாக வேண்டும். வேலை கூடினால் மின்சாரமும் கூடும். புள்ளியைக் குறைத்து வைத்தும் ஆடலாம். அப்படி ஆடினால் கூடுதல் புள்ளிக்குக் கொடுத்த பணம் விற்காத சரக்குப் போலத் தூங்கும்.

பேட்டரிக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. முதலில் வந்த ஸ்டீம் டெக், ரோக் ஆலய் இரண்டிலும் 40 வாட்-மணி பேட்டரிதான். ஆடும்போது கருவி மொத்தமாக 20 வாட் இழுத்தால் 40ஐ 20ஆல் வகுத்து 2 மணி நேரம் என்று அறியலாம். பேட்டரி போதவில்லை என்று வாடிக்கையாளர்கள் குறை கூறியதால், ஆசஸ் 2024இல் கொண்டுவந்த 'ஆலய் எக்ஸ்' கருவியில் அதை 80 வாட்-மணியாக இரட்டிப்பாக்கியது. அதே 20 வாட்டுக்கு இப்போது 4 மணி நேரம். விலை 799 டாலர் ஆனது.

எடையையும் மறக்க வேண்டாம். ரோக் ஆலய் 608 கிராம், ஸ்டீம் டெக் 669 கிராம், லீஜியன் கோ 854 கிராம். முக்கால் கிலோவுக்கு மேலுள்ள பொருளை ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் கையில் ஏந்தியிருக்கும் என்று பெற்றோர்தான் எண்ண வேண்டும்.

உள்ளே இருக்கும் மென்பொருள்

ஆசஸ், லெனோவா ஆகியவற்றின் இந்தக் கருவிகள் விண்டோஸில் இயங்குவதால் அநேகமாக எல்லாக் கணினி விளையாட்டுகளும் ஓடும். ஆனால் விண்டோஸ் விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் செய்யப்பட்டது. சிறு திரையில் விரலால் இயக்குவது சிரமம். ஸ்டீம் டெக்கின் மென்பொருள் கைக்கருவிக்கென்றே செய்யப்பட்டது. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, விட்ட இடத்தில் தொடர்வது அதில் எளிது. ஆனால் 'வாலரண்ட்' போன்ற சில இணைய விளையாட்டுகள் அதில் ஓடா. ஆகவே பிள்ளை எந்த விளையாட்டை ஆட விரும்புகிறது என்று முதலில் கேளுங்கள். கருவியை வாங்கியபின் கேட்டுப் பயனில்லை.

விற்பவர் எங்கே சம்பாதிக்கிறார்?

வணிகர்களாகிய நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இது. 399 டாலர் விலையை வைப்பது வேதனையாக இருந்தது என்று வால்வ் தலைவர் கேப் நியூவெல் 2021இல் கூறினார். அப்படியிருந்தும் ஏன் வைத்தார்? வால்வுக்கு 'ஸ்டீம்' என்ற சொந்த விளையாட்டுக் கடை இருக்கிறது. பிற நிறுவனத்தார் அங்கே விற்கும் விளையாட்டுக்கு வழக்கமான கழிவு 100க்கு 30. கருவியில் விட்டதை அங்கே பிடித்துவிடலாம். ஆசஸுக்கும் லெனோவாவுக்கும் அத்தகைய கடை இல்லை. கருவியிலேயே லாபம் பார்த்தாக வேண்டும். அவர்கள் அடிமட்ட விலைப் போட்டியில் இறங்காமல், வேகம், திரை, பேட்டரி என்று வேறு குறைகளைத் தீர்த்துக் காட்டினார்கள்.

பெரிய அங்காடி ஒன்று நம் அடக்க விலைக்கும் கீழே சர்க்கரை விற்கும்போது இதை நினைவில் வையுங்கள். அவர் வேறு பொருளில் ஈடு கட்டுகிறார். நாமும் சர்க்கரை விலையைக் குறைத்தால் நம் முதல்தான் கரையும். சரியான எடை, சுத்தமான சரக்கு, வேண்டும்போது வீட்டுக்கு அனுப்புதல், நம்பிக்கையான மாதக் கணக்கு என்று அவரால் தர முடியாததைத் தருவதே நம் வழி.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. சேமிப்பு அளவைச் சமமாக்கினால் விலை வித்தியாசம் எவ்வளவு?

2. பேட்டரி எத்தனை வாட்-மணி? கருவி எத்தனை வாட் இழுக்கும்?

3. எடை எவ்வளவு? கையில் வாங்கிப் பார்த்தீர்களா?

4. பிள்ளை ஆட விரும்பும் விளையாட்டு இதில் ஓடுமா? அந்த விளையாட்டின் விலை என்ன?

5. பழுதானால் நம் ஊரில் யார் பொறுப்பு?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். 2025 வரை வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக்கை இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. இங்கே கிடைத்தவை பிறர் இறக்குமதி செய்தவை. அத்தகைய கருவிக்குத் தயாரித்தவரின் உத்தரவாதம் இங்கே செல்லாது. விலை மலிவு என்று ரசீதும் உத்தரவாதமும் இல்லாமல் வாங்காதீர்கள். இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பிள்ளையிடமே கொடுத்து, விடை எழுதி வரச் சொல்லுங்கள். கருவி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், நாளை கல்லாவில் உட்கார வேண்டிய பிள்ளை கொள்முதலில் முதல் பாடத்தைக் கற்றுக்கொள்ளும்.