இதயப் படத்தில் வலம் எது, இடம் எது?

பத்தாம் வகுப்பு விடைத்தாள்களில் இதயப் படம் பெரும்பாலும் அழகாகவே இருக்கும். பாகங்களைக் குறிக்கும்போதுதான் மதிப்பெண் போகிறது. படத்தில் இருப்பது நம் எதிரே நிற்பவரின் இதயம். அவருடைய வலப்பக்கம் நமக்கு இடப்பக்கம். இதை வாயால் சொன்னால் மட்டும் போதாது. வரைந்த தாளை, படம் வெளியே தெரியும்படி மாணவர்கள் தம் மார்பில் வைத்துப் பிடிக்கட்டும். வலது ஆரிக்கிள் அவரவர் வலக்கைப் பக்கம் வந்துவிடும்.

அடுத்த சிக்கல் தமனியும் சிரையும். 'தமனியில் ஓடுவது ஆக்சிஜன் மிகுந்த இரத்தம்' என்று மனப்பாடம் செய்தவர்கள் நுரையீரல் தமனியில் தடுமாறுவார்கள். அங்கே ஓடுவது ஆக்சிஜன் குறைந்த இரத்தம். ஆகவே நிறத்தை விட்டுவிட்டுத் திசையைச் சொல்லிக்கொடுங்கள்: இதயத்திலிருந்து எடுத்துச் செல்வது தமனி, இதயத்துக்குக் கொண்டு வருவது சிரை.

மைதானத்தில் நான்கு அறைகளையும் நுரையீரல்களையும் கோடு போட்டு நடக்க விடலாம். நீல அட்டையோடு வலது ஆரிக்கிளில் நுழைபவர் மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்குப் போய், சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு நுரையீரல் சிரை வழியே இடது ஆரிக்கிளுக்குத் திரும்புவார். (நீலம் படத்துக்கான அடையாளம்தான், சிரை இரத்தமும் சிவப்பே, சற்றுக் கருஞ்சிவப்பு.) வால்வாக நிற்கும் இருவர், பின்னோக்கி வருபவரைத் தடுக்க வேண்டும். சிரிப்பும் சத்தமுமாக இருக்கும், இருக்கட்டும்.

இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடித்திருக்கிறது என்று அப்போது கேளுங்கள். வலது வெண்ட்ரிக்கிள் பக்கத்திலுள்ள நுரையீரலுக்கு அனுப்பினால் போதும். இது கால்விரல் வரை அனுப்ப வேண்டும். நடந்தவர்களே சொல்லிவிடுவார்கள்.

அன்றே, படத்தைப் பார்க்காமல், இரத்தம் செல்லும் பாதையை ஐந்து வரிகளில் எழுதச் சொல்லுங்கள். படம் வரைய வராத பிள்ளைகளும் இதை எழுதுவார்கள்.