ஆணி தேடும் கருவி: முதல் மெட்டல் டிடெக்டர் வாங்கும் முன்

போன வருஷம் தை மாசம் என் செவலைப் பசு செத்துப்போச்சு. இரண்டாவது ஈத்து. கன்று போட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. முதலில் தீவனம் எடுக்காமல் நின்றது, பால் பாதியாகக் குறைந்தது. முதுகை வில்லாக வளைத்து, முன்னங்கால்களை அகட்டி வைத்துக்கொண்டு நின்றது. சரிவில் இறங்க மறுத்தது. செரிமானக் கோளாறு என்று நினைத்து, சுக்கு, ஓமம், வெல்லம் என்று மூன்று நாள் கைவைத்தியம் பார்த்தேன். அதற்குள் தாடைக்குக் கீழேயும் மார்பிலும் நீர் கோத்து வீங்கிவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தபோது காலம் கடந்துவிட்டது.

செத்த பிறகு அறுத்துப் பார்த்தார். இருதயத்தைச் சுற்றிச் சீழ். நடுவில் இரண்டரை அங்குலக் கட்டுக்கம்பி ஒன்று குத்தி நின்றது.

"கொட்டகை எப்பங்க போட்டீங்க?" என்று கேட்டார்.

"போன ஆடியிலங்க டாக்டர்."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கம்பி கட்டும்போது நறுக்கி வீசிய துண்டுகளை மண்ணோடு மண்ணாக மிதிபட விட்டது நான்தான். அதே இடத்தில்தான் சோளத்தட்டையை அடுக்கினேன்.

மாடு நம்மைப் போலப் பொறுக்கித் தின்பதில்லை. நாக்கால் சுருட்டி, அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டு, அப்புறம்தான் அசை போடும். கனமான ஆணியும் கம்பியும் தேன்கூடு போன்ற இரண்டாவது வயிற்றில் தங்கிவிடும். அந்த வயிற்றுக்கும் இருதயத்துக்கும் நடுவே இருப்பது உதரவிதானச் சவ்வும் கொஞ்சம் இடைவெளியும்தான். கன்று போட முக்கும்போது உள்ளே இருக்கும் கம்பி முன்னால் தள்ளப்படும். பல மாசமாக வயிற்றில் சும்மா கிடந்த கம்பி ஈத்து சமயத்தில் உயிரை எடுப்பது இப்படித்தான்.

இயற்கை விவசாயிக்கு இது கூடுதல் கவலை. நாம் வெளியிலிருந்து நிறைய மட்கும் பொருளைக் கொண்டுவருகிறோம். ஊர்க்குப்பை எருவில் ஆணியும் பிளேடும் வரும். கல்யாண மண்டபத்துப் பூக்கழிவில் அலங்காரக் கம்பியும் குண்டூசியும் வரும். போகிக்கு டயர் எரித்த இடத்துச் சாம்பலை அள்ளினால், டயருக்குள் இருந்த எஃகுக் கம்பி முள்முள்ளாகக் கூடவே வரும். நஞ்சில்லாத தீவனம் என்று பெருமையாகப் போடுகிறோம், அதில் இரும்பு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

அதனால்தான் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். முதல் தடவை தப்பாக வாங்கினேன். நீங்கள் அதே தப்பைச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் செய்த தப்பு

கடைக்காரர் இரண்டு விஷயத்தைப் பெருமையாகச் சொன்னார். "ரொம்ப ஆழம் போகும். இரும்பு வந்தா கத்தாது, தங்கம், செம்புக்கு மட்டும்தான் கத்தும்." விலையும் கையைக் கடிக்கவில்லை. வாங்கி வந்து கொட்டகை ஓரம் ஓட்டினேன். சத்தமே இல்லை. இடம் சுத்தம் என்று நிம்மதியாக இருந்தேன். மறுநாள் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி அதே இடத்தில் இழுத்தேன். ஒரு கை நிறைய ஆணியும் கம்பியும் ஒட்டிக்கொண்டு வந்தது.

கருவியில் கோளாறு இல்லை. இந்தக் கருவிகள் பெரும்பாலும் நாணயம், நகை தேடுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை. அவர்களுக்கு ஆணி தொந்தரவு. அதனால் இரும்பை ஒதுக்கும் வசதியை வைத்திருக்கிறார்கள், அதற்கு டிஸ்கிரிமினேஷன் என்று பெயர். நமக்கு வேண்டியதே அந்த இரும்புதான். காசு கொடுத்து வாங்கிய வசதியே நம் கண்ணைக் கட்டிவிட்டது.

ஆழமும் அப்படித்தான். மாட்டின் வாய்க்குப் போவது மேல் மண்ணில் கிடப்பது. நமக்கு நாலு அங்குலம் நன்றாகத் தெரிந்தால் போதும்.

கருவி எப்படி வேலை செய்கிறது

அடியில் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ ஒரு தட்டு இருக்கும். அதற்குள் செம்புக் கம்பிச் சுருள். பேட்டரி மின்சாரம் அந்தச் சுருளில் மாறி மாறிப் பாய்ந்து, மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும். அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சின்ன மின்னோட்டம் சுழலும். அதன் எதிரொலியை இன்னொரு சுருள் வாங்கிச் சத்தமாகக் கொடுக்கும்.

இதிலிருந்து நமக்கு மூன்று பாடம்.

ஒன்று, தட்டின் அளவு. பெரிய தட்டு ஆழம் போகும், ஆனால் சின்னத் துண்டை விட்டுவிடும். சின்னத் தட்டு ஆழம் போகாது, ஆணியையும் கம்பித்துண்டையும் பிடிக்கும். நமக்குச் சின்னதே நல்லது.

இரண்டு, உலோகத்தின் வடிவம். வளையமாகக் கிடக்கும் கம்பி நன்றாகக் கத்தும். நீட்டிக் கிடக்கும் மெல்லிய துண்டு மெதுவாகத்தான் முனகும். என் தோட்டத்தில் சோதித்தபோது இரண்டு அங்குல ஆணி நாலு அங்குல ஆழத்தில் தெரிந்தது. அதே நீளக் கட்டுக்கம்பி இரண்டு அங்குலத்துக்குக் கீழே போனதும் காணாமல் போனது.

மூன்று, மண். இரும்புச் சத்துள்ள செம்மண்ணும் சரளையும் கருவியைச் சும்மாவே கத்த வைக்கும். அந்தச் சத்தத்தைக் கழித்துவிட்டுக் கேட்க உதவுவதுதான் கிரவுண்ட் பேலன்ஸ். விலை குறைந்தவற்றில் இது தொழிற்சாலையிலேயே ஒரே அளவில் வைக்கப்பட்டிருக்கும், நாம் மாற்ற முடியாது. ஈரமான உப்பு மண்ணிலும் ஒற்றை அலைவரிசைக் கருவி தடுமாறும். கடலோரத்து நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் எதில் காசு போடுவது?

என் கணக்கில் மூன்று படி இருக்கிறது. முதல் படியைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

*முதல் படி, காந்தம்.* சில நூறு ரூபாய்தான். பழைய ஸ்பீக்கர் காந்தங்கள் நாலைந்தை ஒரு மரச்சட்டத்தில் வரிசையாகப் பதித்து, மண்ணுக்கு ஒரு அங்குலம் மேலே இருக்கும்படி கயிறு கட்டி இழுங்கள். தட்டை நறுக்கும் மெஷினின் வாயிலும் ஒரு காந்தம் வையுங்கள். அந்த மெஷின் நீளக் கம்பியைக்கூட விழுங்கும் அளவுக்கு நறுக்கிப் போட்டுவிடும், ஆபத்தே அங்கேதான் கூடுகிறது. காந்தத்துக்கு ஒரு குறை உண்டு. அலுமினியம், செம்பு, பெரும்பாலான எவர்சில்வர் இதில் ஒட்டாது. மண்ணில் புதைந்ததும் வராது.

*இரண்டாம் படி, கைக்கருவி.* சினிமா தியேட்டர், கோயில் வாசலில் நம் உடம்பைத் தடவிப் பார்க்கிறார்களே, அதே மட்டைதான். நான் வாங்கியது 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. வைக்கோல் கட்டு, தட்டைக் கட்டு, எரு மூட்டை எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பி மேலாகத் தடவலாம். கட்டின் நடுவில் இருப்பதை இது காட்டாது, அதனால் பிரிக்காமல் பார்த்துப் பயனில்லை. மாடும் எருக்குழியும் வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்குக் காந்தமும் இந்த மட்டையும் போதும்.

*மூன்றாம் படி, நின்றபடி ஓட்டும் தரைக்கருவி.* புதுக் கொட்டகை போட்ட இடம், பழைய முள்வேலி ஓரம், களம், குப்பை எரு கொட்டிய வயல் இருந்தால் இது வேண்டும். வாங்கும்போது நான் இப்போது பார்ப்பது இவை:

1. எல்லா உலோகத்துக்கும் கத்தும் 'ஆல் மெட்டல்' நிலை இருக்கிறதா? இது இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.
2. கிரவுண்ட் பேலன்ஸை நாமே மாற்றலாமா? செம்மண், சரளை பூமிக்கு இது முக்கியம். வண்டல், மணல் பூமிக்கு இல்லாமலும் ஓட்டலாம்.
3. சின்னத் தட்டு மாட்ட முடியுமா? தட்டு தனியாகக் கிடைக்குமா?
4. தட்டு நனையலாமா? பனி இறங்கின புல்லில் ஓட்ட வேண்டியிருக்கும்.
5. நம்ம ஊர்க் கடையில் கிடைக்கும் பேட்டரியில் ஓடுமா?
6. குறியிடத்தைத் துல்லியமாகக் காட்டும் பின்பாயின்ட் பொத்தான் உண்டா? இல்லையென்றால் சின்ன ஆணிக்குப் பெரிய குழி வெட்டுவோம்.

பெயர் சொல்லிக் கேட்கிறவர்களுக்காக மூன்று சொல்கிறேன். கேரெட் ஏஸ் 300 என்பது 8 கிலோஹெர்ட்ஸ் கருவி. பழக எளிது, ஆனால் கிரவுண்ட் பேலன்ஸை நாம் மாற்ற முடியாது. நோக்டா சிம்பிளெக்ஸ் பிளஸ் 12 கிலோஹெர்ட்ஸ், கிரவுண்ட் பேலன்ஸ் செய்யலாம், 11 அங்குலத் தட்டு. மைன்லேப் வேன்குவிஷ் 340 ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் ஓடும். மூன்றிலும் இரும்பை ஒதுக்காமல் ஓட்டும் நிலை உண்டு. தனி ஆளுக்கு இவை விலை அதிகம். எங்கள் ஊரில் ஏழு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினோம். வருஷத்தில் நாலைந்து நாள் வேலைக்கு ஆளுக்கொன்று எதற்கு? பவர் டில்லரைக் கைமாற்றிக்கொள்வது போல இதையும் மாற்றிக்கொள்கிறோம்.

கடையிலேயே சோதியுங்கள்

சட்டைப்பையில் உங்கள் ஆணி ஒன்று, இரண்டு அங்குலக் கட்டுக்கம்பி ஒன்று, டயர்க் கம்பி ஒன்று எடுத்துப் போங்கள். கடைக்காரர் காட்டும் நாணயத்தை நம்ப வேண்டாம். முடிந்தால் ஒரு வாளியில் உங்கள் மண்ணையும் கொண்டுபோங்கள். வெறும் காற்றில் காட்டும் தூரம் மண்ணுக்குள் குறைந்துவிடும். உங்கள் மண்ணுக்குள் உங்கள் கம்பியைக் காட்டும் கருவிதான் உங்கள் கருவி.

ஓட்டும் முறை

மழைக்குப் பின் மண் லேசாக ஈரமாக இருக்கும்போது, உழவுக்குப் பின் விதைப்புக்கு முன் ஓட்டுவது நல்லது. மீட்டர் அகலத்துக்குக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். தட்டு மண்ணுக்கு இணையாக, ஒரு அங்குல உயரத்தில், மெதுவாக அசையட்டும். வீசும்போது ஓரத்தில் மேலே தூக்காதீர்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தின வீச்சின் பாதியை மூட வேண்டும். சத்தம் வந்தால் குறுக்காக ஒரு முறை ஓட்டுங்கள். இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் கொத்துங்கள்.

செல்போனை வீட்டில் வையுங்கள். வளையல், மோதிரம், இரும்பு பதித்த செருப்பு வேண்டாம். மண்வெட்டியைத் தள்ளி வையுங்கள். மின்கம்பிக்கு அடியிலும், ஓடும் மோட்டார் பக்கத்திலும் கருவி உளறும். 1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, டெலிபோன் கண்டுபிடித்த கிரஹாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து உடம்புக்குள் குண்டைத் தேடினார், கிடைக்கவில்லை. படுக்கையில் இருந்த எஃகுச் சுருள்கள் குழப்பியது ஒரு காரணம் என்று சொல்வார்கள். பெல்லுக்கே அந்த நிலை என்றால் இடுப்பில் அரிவாளோடு ஓட்டும் நமக்கு என்ன ஆகும்!

இரண்டு எச்சரிக்கை

கருவியைக் கண்டதும் ஊரில் புதையல் பேச்சு வரும். 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நம் சொந்த நிலமானாலும் அப்படித்தான். முதுமக்கள் தாழி, பழங்காசு தட்டுப்பட்டால் வேலையை நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லுங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தில் அனுமதியில்லாமல் மண்ணைக் கிளறவே கூடாது.

அடுத்து, பல மீட்டர் தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டும் என்று ஆன்டெனா வைத்த கைப்பிடியை விற்க வருவார்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இப்படி ஆன்டெனா வைத்த ஏடிஇ 651 என்ற கருவியை வெடிகுண்டு காட்டும் என்று சொல்லி இராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவருக்கு 2013-ல் இங்கிலாந்து நீதிமன்றம் 10 ஆண்டு சிறை கொடுத்தது. அந்தக் கருவி எதையும் கண்டுபிடிக்கக்கூடியதே இல்லை. அரசாங்கத்தையே ஏமாற்றியவர்கள் இருக்கிறார்கள், நாம் எம்மாத்திரம்.

கருவி வந்துவிட்டால் போதுமா?

மட்டையை மாட்டின் மார்புப் பக்கம் வைத்தால் கத்தக்கூடும். அதை வைத்து நீங்களே முடிவு கட்டாதீர்கள். வயிற்றில் இரும்போடு நன்றாக வாழும் மாடுகளும் உண்டு. தீவனம் நிறுத்தி, முதுகு வளைத்து, முனகிக்கொண்டு நின்றால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நான் மூன்று நாள் தள்ளிப்போட்டேன். வயிற்றுக்குள்ளேயே காந்தத்தைச் செலுத்தி, கம்பியைப் பிடித்து நிறுத்தும் முறையும் இருக்கிறது. சினை மாடு வைத்திருப்பவர்கள் அதைப் பற்றி அவரிடம் கேளுங்கள்.

கொட்டகை ஓரத்தில் ஒரு பழைய பெயின்ட் டப்பா வைத்திருக்கிறேன். கிடைக்கும் ஒவ்வொரு துண்டும் அதற்குள் போகும். ஒரு வருஷத்தில் முக்கால் டப்பா நிறைந்துவிட்டது. செவலை போட்ட கிடாரிக் கன்று இப்போது அதே கொட்டகையில் தட்டை தின்கிறது. தினமும் காலையில் தட்டையைப் பரப்பி மட்டையால் தடவிய பிறகுதான் அதன் முன்னால் போடுகிறேன். இரண்டு நிமிஷ வேலை.

உங்கள் வீட்டில் கட்டட வேலை நடந்தால், கம்பி கட்டுகிறவரிடம் ஒரு சாக்கைக் கொடுத்து, "அண்ணே, வெட்டுற துண்டெல்லாம் இதுல போடுங்க" என்று சொல்லிவிடுங்கள். கருவி வாங்கும் செலவே பாதி மிச்சம்.